ஸ்டீரொயிட் குளிசை போடுறீங்களோ? எலும்பைப் பற்றியும் ஒருக்காக் கேளுங்கோ

தொய்வு, மூட்டுவாதம், லூப்பஸ் (உடம்பின்ர எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கிற வருத்தம்), சலத்தில புரதம் போற வருத்தம், தோலில கொப்புளம் போடுற சில வருத்தங்கள், இப்பிடி ஏதோ ஒண்டுக்கு டொக்டர் பிரெட்னிசொலோன் எண்ட குளிசையை எழுதித் தந்தா எங்கட ஆக்கள் உடனே கேக்கிறது முகம் ஊதுமோ, சீனி ஏறுமோ எண்டுதான். நியாயமான கேள்விதான், முகம் ஊதும், சீனியும் ஏறக்கூடும். ஆனா எலும்புக்கு என்ன நடக்கும் எண்டு கிளினிக் வாங்கில இருந்து ஆரும் கேட்டதா நான் கேள்விப்பட்டது மிச்சம் குறைவு. முகம் ஊதினா கண்ணாடியில தெரியும், சீனி ஏறினா விரலில குத்திப் பாத்தாத் தெரியும், எலும்பு மெலியிறது ஒண்டிலயும் தெரியாது, நோகவும் மாட்டுது. ஒரு நாள் நெல்லு மூட்டையைத் தூக்கிச் சைக்கிள் கரியர்ல வைக்கேக்க, இல்லாட்டி கிரவல் ரோட்டில மோட்டச்சைக்கிள் கிடங்குக்குள்ள விழுந்து எழும்பேக்க, நாரிக்குக் கொஞ்சம் மேல சடக்கெண்டு ஒரு பிடி பிடிக்கும், அண்டைக்குத்தான் தெரியவரும், அதுக்குள்ள முள்ளந்தண்டில ஒரு எலும்பு நசிஞ்சு போயிருக்கும்.

இதைத் தடுக்கலாம், வந்தாப் பிறகும் மருந்து இருக்கு, ஆனா யோசிக்கவேண்டிய நேரம் குளிசை துவங்கிற நேரம், நாரி நோகிற நேரம் இல்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுறன்.

முதல்ல எந்த ஸ்டீரொயிட் எண்டு தெளிவாக்குவம். ஜிம்முக்குப் போற பெடியள் தசை வளக்கக் குத்துறது வேற சாதி, அதைப்பற்றி இங்க கதைக்கேல்லை. எங்கட ரெண்டு சிறுநீரகத்துக்கும் மேல ஒட்டிக்கொண்டிருக்கிற அதிரினல் சுரப்பி ஒவ்வொரு நாளும் கோட்டிசோல் எண்ட ஹோர்மோனைச் சுரக்குது, அதைப் போலவே வேலை செய்யிற மாதிரித் தயாரிச்ச மருந்துகள்தான் இது. குளிசை மட்டையில பிரெட்னிசொலோன், டெக்சாமெதசோன், மெதில்பிரெட்னிசொலோன், ஹைட்ரோகோட்டிசோன் எண்டு ஏதாவது ஒண்டு எழுதியிருந்தா அது இந்தக் குடும்பம். 1948 இல அமெரிக்காவின்ர மாயோ கிளினிக்கில பிலிப் ஹென்ச் எண்ட டொக்டரும் அவரோட நிண்ட ஆக்களும் மூட்டுவாதத்தால எழும்ப ஏலாமக் கிடந்த ஒரு பொம்பிளைக்கு கோட்டிசோன் ஊசி போட, சில நாளிலேயே அவ எழும்பி நடந்தா. 1950 இல நோபல் பரிசே குடுத்தாங்கள். ஆனா அதுக்கு முதலே, 1932 இல, ஹார்வி குஷிங் எண்ட சத்திரசிகிச்சை நிபுணர் இன்னொரு வருத்தத்தை விவரிச்சு எழுதியிருந்தார், முகம் உருண்டு, வயிறு பருத்து, முதுகு கூனி, எலும்பு மெலிஞ்சு போற ஆக்கள். உடம்பில கோட்டிசோல் அளவுக்கு மிஞ்சினா வாறதுதான் அது எண்டு இப்ப எங்களுக்குத் தெரியும். அதாவது மருந்து வர முதலே அதின்ர விலை என்ன எண்டு ஒருத்தர் எழுதி வைச்சிட்டார்.

எலும்பு எண்டா செத்த சாமான், ஒருக்கா வளந்தாப் பிறகு அப்பிடியே கிடக்கும் எண்டுதான் கனபேர் நினைக்கிறது. அப்பிடி இல்லை. வன்னியில குளக்கட்டைப் பாத்திருப்பியள், மாரியில மழை கரைக்கும், மாடு ஏறி இறங்கி இடிக்கும், கோடையில ஆக்கள் போய் மண் போட்டு அடிச்சுக் கட்டுவினம், இப்பிடி வருசா வருசம் கரையிறதும் கட்டுறதும் நடந்துகொண்டிருக்கிறபடியால்தான் கட்டு நிக்குது. எலும்புக்குள்ளயும் பழசைக் கரைக்கிற கலங்கள் ஒரு பக்கம், புதுசாக் கட்டுற கலங்கள் ஒரு பக்கம். ஸ்டீரொயிட் என்ன செய்யுதெண்டா கட்டுற கலங்களைக் குறைச்சு, இருக்கிறதையும் வேளைக்கே சாகப் பண்ணுது, துவக்கத்தில கரைக்கிற பக்கத்தையும் கொஞ்சம் தூண்டி விடுது. மண் போட ஆளில்லாமல் மழை மட்டும் பெய்தால் கட்டுக்கு என்ன கதியோ அதுதான் எலும்புக்கும், வெளியில நிண்டு பாத்தா உயரம் அப்பிடியேதான் இருக்கும்.

இதோட விசயம் முடியேல்லை. குடல் கல்சியத்தை உறிஞ்சிறதும் குறையுது, சலத்தோட கல்சியம் கூடப் போகுது, எலும்பைக் காக்கிற பாலியல் ஹோர்மோன்களும் குறையுது, துடைத் தசை மெலிஞ்சு போறதால ஆள் குந்தியிருந்து எழும்பவே கஷ்டப்பட்டுத் தடுமாறி விழப் பாக்குது. எலும்பு மெலிவும் விழுகையும் சேர்ந்து வாறதுதான் இதில கெட்ட விசயம். கூட அடி வாங்கிறது உள்ளுக்குப் பஞ்சுத்தன்மையா இருக்கிற எலும்பு, அதாலதான் முள்ளந்தண்டும் விலாவும் முதல் மாட்டுப்படுகுது.

எவ்வளவு கெதியா? பெரிய சேதம் முதல் வருசத்தில, அதிலயும் முதல் மூண்டு தொடக்கம் ஆறு மாதத்துக்குள்ள. முதல் வருசத்தில எலும்பின்ர அடர்த்தி 6 தொடக்கம் 12 வீதம் வரை குறையலாம், பிறகு வருசத்துக்கு 3 வீதம் அளவில மெதுவாப் போகும். நீண்டகாலம் குளிசை போடுற ஆக்களில 100 பேரில 30 தொடக்கம் 50 பேருக்கு எங்கயாவது ஒரு முறிவு வருது எண்டு மருத்துவக் கட்டுரைகளில எழுதியிருப்பாங்கள், அதில கனக்க முள்ளந்தண்டு நசிவுகள், ஆளுக்கே தெரியாமல் நடந்ததுகள். "இப்பதானே துவங்கினது, ரெண்டு மூண்டு வருசம் போகட்டும் பாப்பம்" எண்டு நிக்கிறது சரிவராது எண்டதுக்குக் காரணம் இதுதான்.

அளவைக் குளிசைக் கணக்கில சொல்லுறன். எங்கட கிளினிக்குகளில வழமையாத் தாறது 5 மில்லிகிராம் பிரெட்னிசொலோன். நாளைக்கு அரைக் குளிசை, அதாவது 2.5 மில்லிகிராம், அல்லது அதுக்கு மேல, மூண்டு மாதத்துக்குக் கூடப் போடப்போறம் எண்டாலே எலும்பைக் கவனிக்கவேணும் எண்டுதான் அமெரிக்க வாதநோய் நிபுணர்களின்ர வழிகாட்டல் சொல்லுது. நாளைக்கு ஒண்டரைக் குளிசை, 7.5 மில்லிகிராம், தாண்டினா ஆபத்து வடிவாக் கூடும். ஆறு குளிசை, 30 மில்லிகிராம், ஒரு மாதத்துக்கு மேல, இல்லாட்டி ஒரு வருசத்தில எல்லாம் சேத்து 5 கிராம், ஆயிரம் குளிசை, எண்டு வந்தா அது மிக ஆபத்தான வகுப்பு. ஆயிரம் எண்டு கேக்கப் பெரிசாத் தெரியும், நாளைக்கு மூண்டு போடுற ஆள் வருசம் முடிய முதலே அதைத் தாண்டியிடுவார்.

தொய்வுக்காரர் இந்த இடத்தில பயந்து பம்பை, வாயால இழுக்கிற மருந்தை, தூக்கி எறியக்கூடாது. பம்பில வாறது மைக்கிரோகிராம் கணக்கு, ஒரு இழுப்பில 100 மைக்கிரோகிராம் அளவு, குளிசை ஒண்டில 5 மில்லிகிராம், அதாவது 5000 மைக்கிரோகிராம், ரெண்டு மருந்தும் வேற, பலமும் வேற, அப்பிடியே தராசில வைக்கேலாது எண்டாலும் வித்தியாசம் விளங்கும்தானே. பம் நேர நெஞ்சுக்குள்ள போறது, எலும்புக்கு வாற பங்கு மிச்சம் கொஞ்சம், கூடின அளவை வருசக்கணக்கா இழுக்கிற ஆக்களுக்குத்தான் சாதுவா யோசிக்கவேணும். "பம் அடிச்சாப் பழகிப்போடும், குளிசைதான் நல்லம்" எண்டு ஊரில சொல்லுற கதை தலைகீழான கதை. பம்பை ஒழுங்கா அடிக்காமல் விட்டு, மாதத்துக்கு ஒருக்கா இழுப்பு வந்து, வார்ட்டில ஏறி, அஞ்சு நாளைக்கு ஆறு ஆறு குளிசையா விழுங்கிறதுதான் எலும்பைத் தின்னுது. அஞ்சு நாள் கோர்ஸ் ஒருக்கா எடுத்தாப் பறவாயில்லை, வருசத்துக்குப் பல தரம் எண்டா அதுவும் கூடிக்கொண்டுதான் போகும். கண்ணுக்கு விடுற துளி, சொறிக்குப் பூசிற கொஞ்சக் கிரீம், மூட்டுக்குள்ள எப்பவாவது போடுற ஒரு ஊசி, இதுகளுக்குப் பெரிசாப் பயப்பிடத் தேவையில்லை.

இன்னொரு சங்கதி. பார்மசியில டொக்டரின்ர துண்டில்லாமல் "நாரி நோவுக்கு நல்ல குளிசை" எண்டு வாங்கிறது, பஸ் ஸ்டாண்டில மூட்டு நோவுக்கு எண்டு விக்கிற பேரில்லாப் பொடி, இதுகளை வாங்கிப் போட்டு ஒரே நாளில பறந்து திரியிற மாதிரி சுகம் வந்தால் சந்தோசப்படாமல் சந்தேகப்படுங்கோ. மூலிகை மருந்து எண்டு வித்த பொடிகளுக்குள்ள ஸ்டீரொயிட் கலந்திருந்தது பல நாடுகளில பிடிபட்டிருக்கு. அதைப் போடுற ஆளுக்குத் தான் ஸ்டீரொயிட் போடுறன் எண்டே தெரியாது, அளவும் தெரியாது.

சரி, இவ்வளவும் வாசிச்சிட்டு ஆரும் "அப்ப குளிசையை நாளைக்கே விடுறன்" எண்டு முடிவெடுத்தா அது எலும்பு முறியிறதை விட ஆபத்து. மூண்டு நாலு கிழமைக்கு மேல வெளியில இருந்து ஸ்டீரொயிட் வந்தா அதிரினல் சுரப்பி தன்ர வேலையைக் குறைச்சுப்போடும். திடீரெண்டு குளிசையை நிப்பாட்டினா உடம்பில கோட்டிசோலே இல்லாத நிலை வரும், சத்தி, கடும் சோர்வு, பிரசர் விழுந்து மயக்கம், உயிரும் போகலாம். குறைக்கிறது டொக்டர் சொல்லுற படிக்குக் கொஞ்சம் கொஞ்சமா. மற்றது, கையிருப்பு. 2018 மார்கழியில கிளிநொச்சி, முல்லைத்தீவு முழுக்க வெள்ளம் ஏறினது நினைவிருக்கும், அப்பிடி ஒரு கிழமை வீட்டை விட்டு வெளிக்கிட ஏலாமல் போனா பிரெட்னிசொலோன் அறுந்துபோகக் கூடாது. மாரி துவங்க முதல் கிளினிக்கில கதைச்சு ரெண்டு கிழமைக்கு மேலதிகமா வாங்கி, தண்ணி படாத பொலித்தீன் பையில, கிளினிக் கொப்பியோட சேத்துக் கட்டி வையுங்கோ.

குளிசையை விடவும் கூடாது, எலும்பும் போகக் கூடாது எண்டா என்ன செய்யிறது? டொக்டரிட்ட முதல்ல கேக்கிறது, "இந்த வருத்தத்துக்கு இதைவிடக் குறைஞ்ச அளவு காணுமோ, இதுக்குப் பதிலா வேற மருந்து துவங்கி இதைக் குறைக்கலாமோ". மூட்டுவாதத்துக்கு மெதொட்ரெக்சேட் மாதிரி மருந்துகள் இருக்கிறதே ஸ்டீரொயிட்டைக் குறைக்கிறதுக்கும் சேத்துத்தான். குறைஞ்ச அளவு, குறைஞ்ச காலம், இதை மிஞ்சின எலும்பு மருந்து இல்லை.

பிறகு எலும்பின்ர ஆபத்தை மதிப்பிடுறது. துவங்கி ஆறு மாதத்துக்குள்ள செய்யவேணும், முடிஞ்சா துவங்கேக்கயே. வயசு, முன்னம் சின்ன விழுகையில எலும்பு முறிஞ்சதோ, அம்மா அப்பாவுக்கு இடுப்பெலும்பு முறிஞ்சதோ, சிகரெட், குடி, மாதவிடாய் நிண்டு எவ்வளவு காலம், உடம்பு நிறை, இதுகளை எல்லாம் போட்டு அடுத்த பத்து வருசத்தில முறியிற வாய்ப்பு எவ்வளவு எண்டு பாக்கிற ஃபிராக்ஸ் எண்ட கணக்கு இருக்கு, இலங்கைக்கு எண்டே தனிக் கணக்கும் அதில இருக்கு, டொக்டர் போனிலேயே பாத்திடுவார். அளக்கிற மெஷின் டெக்ஸா ஸ்கேன். படுத்திருந்தாச் சரி, சாதாரண எக்ஸ்ரேயை விடக் குறைஞ்ச கதிர்தான், நாரி முள்ளந்தண்டையும் இடுப்பையும் பாக்கும். இந்த மெஷின் எல்லா ஆஸ்பத்திரியிலயும் இருக்கிற சாமான் இல்லை, ஸ்கேன் எடுக்கேலாது எண்டதுக்காக மருந்தைப் பிந்திப்போடத் தேவையும் இல்லை, ஆபத்துக் கூடின ஆள் எண்டா ஸ்கேன் இல்லாமலே துவங்கலாம்.

டெக்ஸாவில டீ ஸ்கோர் எண்டு ஒண்டு எழுதுவினம், இளம் வயசு ஆளின்ர நல்ல எலும்போட ஒப்பிட்டுப் போடுற புள்ளி, மைனஸ் 2.5 அல்லது அதுக்குக் கீழ போனா எலும்புத் தேய்வு எண்டு சொல்லுறது. ஆனா ஸ்டீரொயிட் போடுற ஆக்களில அதுக்கு மேல இருக்கேக்கயே முறிஞ்சு போகுது, எலும்பின்ர தரமும் கெட்டுப்போறதால. அதால "மைனஸ் ரெண்டுதானே, பயமில்லை" எண்டு ஆரும் ஆறுதல் சொன்னா ஸ்டீரொயிட் கதையை நினைவுபடுத்துங்கோ.

வன்னி ஆக்களுக்கு எண்டு இதில ஒரு தனி விசயம் இருக்கு, வேற ஊர்க் கட்டுரைகளில இதைக் காணமாட்டியள். உடம்புக்குள்ள செல் பீஸ், சண்டையில பட்ட குண்டுத் துண்டு, இருக்கிற ஆக்கள் எங்கட பக்கம் எத்தினை பேர். நாரியிலயோ இடுப்பிலயோ உலோகத் துண்டு கிடந்தா டெக்ஸா மெஷின் அதையும் எலும்பெண்டு எண்ணி அடர்த்தியைக் கூட்டிக் காட்டிப்போடும், மெலிஞ்ச எலும்பு நல்ல எலும்பு மாதிரி ரிப்போட்டில வரும். கட்டிலில ஏற முதலே "எனக்கு இந்த இடத்தில பீஸ் இருக்கு" எண்டு கையால தொட்டுக் காட்டுங்கோ, பழைய எக்ஸ்ரே வீட்டில கிடந்தா கொண்டுபோங்கோ, அந்த முள்ளை, முள்ளந்தண்டின்ர அந்த எலும்பை, விட்டிட்டு மற்றதை அளப்பினம், இல்லாட்டி மற்றப் பக்க இடுப்பை எடுப்பினம். கால் இழந்த ஆக்களுக்கு இழந்த பக்கத்து இடுப்பெலும்பு பாரம் தாங்காமல் ஏற்கனவே மெலிஞ்சிருக்கும், அதையும் சொல்லவேணும்.

இனிச் சாப்பாடு. நாளைக்குக் கல்சியம் 1000 தொடக்கம் 1200 மில்லிகிராம், விட்டமின் டி 600 தொடக்கம் 800 யூனிட், இதுதான் வளந்த ஆளுக்கு வேணும், சாப்பாட்டையும் குளிசையையும் சேத்து. ஒரு கப் பசுப்பாலில 240 மில்லிகிராம் அளவு வரும். பால்மா விலை ஏறினாப் பிறகு எல்லா வீட்டிலயும் பால் எண்டு சொல்லேலாது, ஆனா எங்கட பக்கம் தயிருக்குப் பஞ்சமில்லை, மாடு வைச்சிருக்கிற வீடுகளும் கன. குரக்கன் மா 100 கிராமில 340 மில்லிகிராம் அளவு கல்சியம் இருக்கு, அரிசி மாவில அதில ஒரு துளிதான், குரக்கன் பிட்டோ ரொட்டியோ கூழோ கிழமையில மூண்டு நாலு நேரம் வந்தாலே நல்ல பங்கு. எள்ளு, முருங்கையிலை, முள்ளோட சப்பித் தின்னுற நெத்தலி, எல்லாம் நல்லம். நெத்தலிக் கருவாடெண்டா சுடுதண்ணியில ஊறப்போட்டு உப்பை இறக்கிப்போட்டுச் சமையுங்கோ, உப்புக் கூடினா சலத்தோட கல்சியமும் கூடப் போகும், பிரசரும் ஏறும், ஸ்டீரொயிட் போடுற ஆளுக்குப் பிரசர் ஏற்கனவே ஒரு தலையிடி. பசளி மாதிரிக் கீரைகளில கல்சியம் இருந்தாலும் கீரையிலயே இருக்கிற ஒக்சலேட் எண்ட பொருள் அதைப் பிடிச்சு வைச்சிருக்கும், உடம்புக்குச் சேராது, சாப்பிடுங்கோ, கல்சியக் கணக்கில மட்டும் எழுதாதேங்கோ.

கல்சியக் குளிசையில ஒரு சூட்சுமம். மட்டையில 300 மில்லிகிராம் கல்சியம் லக்டேட் எண்டு இருந்தா உள்ளுக்குக் கல்சியம் 300 இல்லை, 13 வீதந்தான், 39 மில்லிகிராம். கல்சியம் கார்பனேட் எண்டா 40 வீதம், 1250 மில்லிகிராம் குளிசையில 500 கிடைக்கும். ரெண்டு லக்டேட் குளிசை போட்டிட்டு "நான் கல்சியம் எடுக்கிறன்தானே" எண்டு இருக்கிற ஆளுக்கு ஒரு கப் தயிர் அதைவிடக் கூடக் குடுத்திருக்கும். கார்பனேட்டைச் சாப்பாட்டோட போடவேணும், இரும்புக் குளிசை, தைரொயிட் குளிசை இதுகளோட சேத்துப் போடக்கூடாது.

விட்டமின் டிக்கு வெயில் காணுமே எண்டு கேப்பியள், வன்னி வெயிலுக்கு என்ன குறை. வெயில் இருக்கு, ஆனா ஆள் வெயிலில இல்லை, வருத்தக்காரர் வீட்டுக்குள்ள, வெளியில போனாலும் முழுக்க மூடிக்கொண்டு, தோலும் கறுப்பு, தெற்காசியா முழுக்க இந்தக் குறைபாடு கிடக்கு. லூப்பஸ் இருக்கிற பிள்ளையளை வெயில் படக்கூடாது எண்டு டொக்டரே சொல்லுவார், அவைக்குக் குளிசைதான் வழி.

கல்சியமும் விட்டமின் டியும் அத்திவாரம் மட்டுந்தான், ஆபத்துக் கூடின ஆக்களுக்கு அது காணாது. அங்கதான் பிஸ்பொஸ்பனேட் எண்ட மருந்துக் கூட்டம் வருது, கரைக்கிற கலங்களை அடக்கி வைக்கிற மருந்து. கூடப் பாவிக்கிறது அலென்ட்ரோனேட் 70 மில்லிகிராம், கிழமைக்கு ஒரே ஒரு குளிசை. ஆனா இதைப் போடுற முறையில பிழை விட்டா மருந்து சும்மா போகும், இல்லாட்டித் தொண்டைக்குழாயைப் புண்ணாக்கும், அதால இதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்லுறன்.

காலமை எழும்பினவுடன, வெறும் வயித்தில, ஒரு பெரிய கிளாஸ் நிறையப் பச்சைத்தண்ணி. தேத்தண்ணி இல்லை, பால் இல்லை, கோப்பி இல்லை, ஒரு மிடறு பிளேன்ரீ கூட இல்லை, ஏன் எண்டா இந்த மருந்தில ஒரு நூறில ஒரு பங்குகூடக் குடலுக்கால உள்ள போறதில்லை, தேத்தண்ணியோட போட்டா அதுவும் போச்சு. சப்பக்கூடாது, உமியக்கூடாது, அப்பிடியே விழுங்கிறது. விழுங்கி அரை மணித்தியாலம் படுக்கக்கூடாது, இருக்கலாம், நிக்கலாம், நடக்கலாம், குனிஞ்சு முத்தம் கூட்டுற வேலையைப் பிறகு பாக்கலாம். மற்றக் குளிசையள், கல்சியம், சாப்பாடு எல்லாம் அரை மணித்தியாலம் கழிச்சு. எங்கட ஒழுங்கையில இருக்கிற ஒரு மாமி வெள்ளிக்கிழமையை இதுக்கு எண்டு வைச்சிருக்கிறா. வெள்ளியில எப்பிடியும் தோஞ்சு, கோயிலுக்குப் பூப் பிடுங்கி முடியுமட்டும் அவவுக்குத் தேத்தண்ணி இல்லை, குளிசையை விழுங்கிப்போட்டு பூக்கூடையோட செவ்வரத்தைக்கும் நந்தியாவட்டைக்கும் இடையில நடந்துகொண்டு நிப்பா, அரை மணித்தியாலம் தன்ரபாட்டில போயிடும். கலண்டரில வெள்ளிக்கெல்லாம் சிவப்புப் பேனையால புள்ளி. மறந்துபோனா அடுத்த நாள் காலமை ஒண்டு போட்டிட்டுப் பிறகு வழமையான நாளுக்குத் திரும்பலாம், ஒரே நாளில ரெண்டு போடுறதில்லை. விழுங்கேக்க நெஞ்சு எரிஞ்சா, சாப்பாடு இறங்கக் கஷ்டமெண்டா நிப்பாட்டிப்போட்டு டொக்டரிட்டப் போகவேணும்.

சிறுநீரகம். வவுனியாவிலயும் அதை ஒட்டின பக்கங்களிலயும் காரணம் தெரியாத நாட்பட்ட சிறுநீரக வருத்தம் இருக்கிறது எல்லாருக்கும் தெரிஞ்சது. சிறுநீரகம் வடிகட்டுற அளவு நிமிசத்துக்கு 35 மில்லிலீற்றருக்குக் கீழ போன ஆளுக்கு அலென்ட்ரோனேட் குடுக்கிறதில்லை, கல்சியமும் விட்டமின் டியும்கூட அவைக்கு வேற கணக்கு. அதால பக்கத்து வீட்டு ஆளுக்குச் சரிவந்தது எண்டு அவையின்ர குளிசையைக் கடன் வாங்கிறது வேண்டாம், துவங்க முதல் கிரியற்றினின் ரத்தப் பரிசோதனை ஒண்டு கட்டாயம்.

பிள்ளை பெறுற வயசில இருக்கிற பொம்பிளையள் அதை டொக்டருக்கு வாய் திறந்து சொல்லவேணும், இந்த மருந்து எலும்புக்குள்ள வருசக்கணக்கா ஒளிச்சிருக்கும், வயித்தில வாற பிள்ளையை யோசிச்சு வேற முடிவு எடுக்கவேண்டி வரலாம். பல்லு விசயம்: இந்த மருந்துகளால அபூர்வமாத் தாடையெலும்பு புண்பட்டு ஆறாமல் நிக்கிறது உண்டு, பல்லுப் பிடுங்கினாப் பிறகுதான் அது கூட வாறது. வெத்திலை போட்டுப் போட்டுச் சொத்தையாப் போன பல்லை எல்லாம் மருந்து துவங்க முதலே போய்ப் பிடுங்கிறது புத்தி, பிறகு பல்லு டொக்டரிட்டப் போகேக்க இந்தக் குளிசை போடுறன் எண்டு சொல்லவேணும். அஞ்சு வருசம் அளவில மருந்து இன்னும் வேணுமோ எண்டு திரும்பப் பாக்கவேணும், ஏன் எண்டா கனகாலம் போட்டா அபூர்வமாத் துடையெலும்பு நடுவில முறியிறதும் இருக்கு, அது வர முதல் துடையில ஒரு மந்தமான நோ கொஞ்சக் காலம் இருக்கும். அபூர்வம் எண்டதை ரெண்டு தரம் சொல்லிப்போட்டன், வேணுமெண்டுதான், இதை வாசிச்சுப் பயந்து ஆரும் குளிசையை எறியவேண்டாம், அது தடுக்கிற முறிவுகளின்ர எண்ணிக்கை வாற பக்கவிளைவை விட எவ்வளவோ கூட.

குளிசை ஒத்துவராட்டி வருசத்துக்கு ஒருக்கா சேலைனில ஏத்துற சொலெட்ரோனிக் அசிட் இருக்கு, ஏத்தி ஒண்டு ரெண்டு நாளைக்குக் காய்ச்சலும் உடம்பு உளைவும் வரும், பரசிட்டமோலோட போயிடும். மிச்சம் ஆபத்தான நிலையில, முள்ளு ஏற்கனவே நசிஞ்ச ஆக்களுக்கு, தெரிபாரடைட் எண்ட ஊசி, நாளாந்தம் தனக்குத்தானே குத்திறது, ரெண்டு வருசம் வரை. இது கட்டுற பக்கத்தைத் தூண்டுற மருந்து. 2007 இல வந்த ஒரு பெரிய ஆய்வில ஸ்டீரொயிட் போடுற ஆக்களுக்கு அலென்ட்ரோனேட்டை விட இது முள்ளந்தண்டைக் கூடக் காப்பாத்தினது தெரிஞ்சுது, ஆனா விலை கேட்டா அந்த இடத்திலேயே இருந்திடுவம்.

சின்னப் பிள்ளையளைப் பற்றி ஒரு சொல்லு. முகம் கால் வீங்கி சலத்தில புரதம் போற வருத்தத்துக்குப் பிரெட்னிசொலோன் போடுற பிள்ளையளுக்குக் கல்சியமும் விட்டமின் டியும் ஓடித் திரியிற விளையாட்டுந்தான் பெரும்பாலும், வளர்ற எலும்பு திரும்பக் கட்டும், உயரத்தை மட்டும் கிளினிக்கில ஒழுங்கா அளந்து எழுதச் சொல்லுங்கோ.

வீட்டில செய்யிறது: நடை, அளவான தோட்ட வேலை நல்லது, எலும்பு பாரம் பட்டாத்தான் நிக்கும். குனிஞ்சு நாரியால தூக்கிறதுதான் கூடாது, குடமெண்டாலும் மூட்டையெண்டாலும் முழங்காலை மடக்கிக் கிட்டப் போய்த் தூக்குங்கோ, பெரிய மூட்டையை வேற ஆரும் தூக்கட்டும். கிணத்தடிப் பாசியை உரஞ்சிக் கழுவி, இரவில கக்கூசுக்குப் போற வழியில ஒரு பல்ப் போட்டு, படலையடியில கிடக்கிற கல்லை எடுத்தெறிஞ்சா அதுவும் எலும்புக்கு மருந்துதான். சிகரெட்டும் சாராயமும் ரெண்டு பக்கமும் அடிக்கும்.

திடீரெண்டு முதுகு நோ பிடிச்சாலோ, ஆளின்ர உயரம் ஒண்டரை அங்குலம் குறைஞ்ச மாதிரி இருந்தாலோ, கூன் விழுந்தாலோ முள்ளந்தண்டைப் பக்கவாட்டில ஒரு எக்ஸ்ரே எடுக்கக் கேளுங்கோ, எண்ணெய் பூசிக்கொண்டு மாதக்கணக்கா இருக்கவேண்டாம். அதோட கால் விறைச்சா, சலம் போறதில தடையோ கட்டுப்பாடில்லாமலோ இருந்தா அண்டைக்கே ஆஸ்பத்திரி. கவட்டுக்குள்ள, துடை மடிப்பில நோ வந்து நொண்டினா அது வேற சங்கதியாவும் இருக்கலாம், ஸ்டீரொயிட்டால இடுப்புப் பந்தெலும்புக்கு ரத்தம் போகாமல் செத்துப்போறது ஒண்டு இருக்கு, துவக்கத்தில எக்ஸ்ரேயில தெரியாது, எம்ஆர்ஐதான் வேணும், செல் பீஸ் இருக்கிற ஆக்கள் எம்ஆர்ஐ அறைக்குள்ள போக முதலே கட்டாயம் சொல்லவேணும், அது பெரிய காந்தம், துண்டு அசைஞ்சா, சூடேறினா காயம் வரும்.

கடைசியா, வருத்தம் சுகமாகி ஸ்டீரொயிட்டை நிப்பாட்டினாப் பிறகு என்ன எண்ட கேள்வி. முறியிற ஆபத்துக் குறைஞ்சு வரும், எலும்பும் ஓரளவு திரும்பக் கட்டும், அப்ப அலென்ட்ரோனேட்டையும் விடலாமோ எண்டு திரும்ப மதிப்பிட்டுப் பாத்து டொக்டர் முடிவெடுப்பார். ஆனா டெனொசுமாப் எண்ட, எலும்பு கரையிறதை அடக்க ஆறு மாதத்துக்கு ஒருக்காப் போடுற ஊசி எடுக்கிற ஆக்களுக்கு இந்தச் சட்டம் இல்லை. அது சிறுநீரகம் பழுதான ஆக்களுக்கும் சில நேரம் குடுக்கிற மருந்து, கல்சியம் விழுதோ எண்டு ரத்தம் பாத்துப் பாத்துக் குடுக்கிறது. ஊசி பிந்தினா அடக்கி வைச்ச கரைப்பு எல்லாம் ஒரேயடியாத் திரும்பி, அடுத்தடுத்து முள்ளுகள் நசியலாம். அந்த ஊசியை விடுறதெண்டா பதிலுக்கு என்ன மருந்து எண்டு முதல் ஊசி போடுற அண்டைக்கே கேட்டு, அடுத்த ஊசித் திகதியோட கிளினிக் கொப்பியின்ர முன் மட்டையில எழுதுவியுங்கோ.